மச்சினன் போட்ட லாரிக் கட்டு

எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பிரயாணம் செய்ய வேண்டும். கடற்கரையில் நடக்கும் எந்த விபத்தும் நம் வாசலுக்கு வராது என்ற தைரியத்தில்தான் நான் ஐம்பது வயதைத் தாண்டினேன். தைரியம் என்று நான் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பஸ்ஸில் போகும்போது டிரைவருக்குப் பதிலாகத் தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற ஆள் நான். ஓமலூரில் இறங்குவதற்குள் வலது கால் மரத்துப் போயிருக்கும். அப்படிப்பட்டவனை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுத்தில் விசில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடவைத்த புண்ணியவான் என் மனைவியின் தம்பி.

ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில் விசைத்தறி போட்டு வேட்டியும் துண்டும் நெய்துகொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஏரி. ஏரி என்று பெயர்தானே தவிர, என் வயதில் பாதிக்கு அதில் சீமைக்கருவேல முள்ளைத் தவிர வேறொன்றையும் நான் பார்த்ததில்லை. மேட்டூர் அணை நிரம்பி வழிகிற தண்ணீரை வறண்ட ஏரிகளுக்குத் திருப்பிவிட ஆரம்பித்த பிறகு எங்கள் ஏரியும் ஒரு நாள் நிரம்பியது. தண்ணீர் வந்ததும் சனம் வந்தது. சனம் வந்ததும் சோளக்கதிர் சுடுகிற வண்டி வந்தது, மாங்காய்ப் பத்தை வந்தது, ஐஸ் வண்டி வந்தது. வடக்குப் பக்கம் சரிவாக இறங்கும் மண் தரையில் காரை நிறுத்திக் குழந்தைகளைத் தண்ணீரில் விட்டார்கள். "பீச்சுக்குப் போலாமா?" என்று யாரோ வேடிக்கையாகக் கேட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்காமலேயே பீச்சு என்று சொல்கிறார்கள்.

இந்த பீச்சின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். ஆடி மாதத்தில் காற்று மேற்கே இருந்து வரும். ஏரித் தண்ணீரைத் தாண்டி வந்து, கிழக்கே கல் பதித்த கரையில் மோதும். அந்தக் கரையில்தான் சர்க்கரை வியாதிக்காரர்களாகிய நாங்கள் சாயங்காலம் நடப்போம். கரையின் நடுவில் மதகு இருக்கிறது. கரைக்குப் பின்னால் இறங்கினால் மரவள்ளிக் காடு. காடு முடிகிற இடத்தில் கிணற்று மோட்டார்களுக்குப் போகிற கரண்ட் கம்பி. ஆக, ஏரிக்குள் எது காற்றில் அகப்பட்டாலும் அது முதலில் சர்க்கரை வியாதிக்காரர்கள் மேல் மோதி, பிறகு மரவள்ளியைத் தாண்டி, கம்பியில் போய் முடியும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. என்னைப் போல் எப்போதும் கெட்டதையே யோசிக்கிற புத்தி இருந்தால் போதும்.

மச்சினனுக்கு நாமக்கல் பக்கம் ஊர். லாரி வைத்திருக்கிறான். அவனே ஓட்டவும் செய்வான். தூத்துக்குடிக்கு லோடு கொண்டுபோன இடத்தில், கடற்கரையில் சிலர் பெரிய காத்தாடியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலுக்கடியில் பலகை வைத்துத் தண்ணீர் மேல் பறப்பதைப் பார்த்திருக்கிறான். லோடு இறக்கும்வரை வேறு வேலை இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒருவரைப் பிடித்து ஒரு மத்தியானம் கற்றுக்கொண்டான். அந்த ஆளிடமே ஒரு பழைய காத்தாடியையும் பலகையையும் வாங்கி லாரியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். முழுதாக ஒரு வாரம் கற்ற பிறகே தனியாகத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அதை இவன் எங்களிடம் பெருமையாகவே சொன்னான்.

"வாரம் பூராக் கத்துக்கறதுக்கு அவங்கெல்லாம் ஆபீஸ் வேலக்காரங்க மாமா. நாம ராத்திரி பகலா ஸ்டீரிங் புடிக்கறவிங்க. அதுவும் ஸ்டீரிங்குதான், இதுவும் ஸ்டீரிங்குதான்."

"அதுல பிரேக் இருக்குது மாப்ள" என்றேன்.

"இதுலயும் இருக்குதுங் மாமா."

அந்த பிரேக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் கூட்டாளி ஒருத்தரும் வந்தார்கள். கூட்டாளி போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர், திருச்செங்கோட்டுக்காரர். வடநாடு முழுக்கச் சுற்றி பூமியில் ஓட்டை போட்டவர். இப்போது வானத்தையும் விட்டுவைப்பதில்லை என்று கிளம்பியிருந்தார். வண்டி வாங்கினால் என்ன செய்வார்களோ அத்தனையையும் அந்தக் காத்தாடிக்குச் செய்தார்கள். பலகைக்குச் சந்தனம், குங்குமம். முனையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கறுப்புக் கயிறு. பலகையின் அடியில், லாரி முகப்பில் வரைவதைப் போல இரண்டு பெரிய கண்கள் வரைந்து கொண்டுவந்திருந்தான். தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்குத்தான் அந்தக் கண்கள் தெரியும். பூசணிக்காய் உடைத்தார்கள். அந்தப் பூசணிக்காய்ச் சில்லை மிதித்து வழுக்கி, முதல் காயம் பட்டவர் ரிக் வண்டிக்காரர்.

பிறகு நூலை விரித்தார்கள். காத்தாடியிலிருந்து இடுப்புவரை நான்கு நூல். மெலிசு, ஆனால் பிளேடு மாதிரி அறுக்கும். அதைக் குழந்தைகள் ஓடுகிற இடத்துக்குக் குறுக்கே விரித்துவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் போய் நூலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வருகிற போகிற குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். ஒரு குழந்தையின் அப்பா என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்தார். நூலைக் காட்டினேன். மெலிசான நூல், வெயிலில் அவருக்குத் தெரியவில்லை. "எங்கீங்க நூலு?" என்று கேட்டுக்கொண்டே அதில் தடுக்கி விழுந்தார்.

"ஏன் மாப்ள, ரோட்டுல ஆள நிறுத்தாம லாரிய ரிவர்ஸ் எடுப்பியா நீ?" என்று கத்தினேன்.

"மாட்டேனுங் மாமா."

"அப்பறம்?"

"இது லாரி இல்லீங்களே."

எதைச் சொன்னாலும் அவனுக்கு வசதியானபோது அது லாரி, வசதியில்லாதபோது லாரி இல்லை.

அடுத்த வாரம் ஒரு விசில் வாங்கினேன். ஆபத்து வந்தால் ஊதலாம் என்று. ஊதினேன். முதல் ஊதலுக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவதற்குச் சிலர். அதன் பிறகு நான் ஊதினால் ஐஸ் வண்டிக்காரர் மட்டும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்புவார். காத்தாடியின் நிழல் என் மேல் விழுந்த ஒரு தடவை, காத்தாடியே விழுகிறது என்று நினைத்துக் கரையில் குப்புறப் படுத்துத் தலையைத் துண்டால் மூடிக்கொண்டேன். எழுந்து பார்த்தபோது சோளக்கதிர் விற்கிற அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங், மயக்கமுங்களா? சர்க்கர கொறஞ்சு போச்சுங்களா?"

"இல்லக்கா, காத்தாடி."

"அது அங்கயில்ல பறக்குது. எந்திரிங்க, எறும்பு கடிக்கும்."

மின்சார ஆபீசுக்கும் போன் செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கம்பியில் கரண்டை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"எந்தக் கம்பத்துல காத்தாடி மாட்டியிருக்குதுங்க?"

"இன்னும் மாட்டலீங்க. மாட்டப் போகுது."

"மாட்டுன பொறவு கூப்புடுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்றால், ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. பெண்ணுக்குத் தாய்மாமன் இந்த ஒருத்தன்தான். என் மனைவிக்கு வேறு உடன்பிறப்பு கிடையாது. மாமன் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியவன், மகளின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவர வேண்டியவன், இங்கே ஏரிக்குள் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தான்.

என் மனைவி தம்பியை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எல்லா வார்த்தையும் எனக்குத்தான்.

"ஏனுங்க, நீங்க கூட நின்னு பாத்துக்கறதுக்கென்ன? எந்தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒறம்பரை சனத்துக்கு ஆரு பதில் சொல்றது? சீர்த் தட்ட நீங்க தூக்குவீங்களா?"

"அவனப் போவேண்டாமுன்னு நீ சொல்லு."

"ஆச ஆசயா வாங்கிட்டு வந்துருக்கறான். ஆடில லோடும் இல்ல. பாவம், எங்க போவான்?"

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். காத்தாடி இடுப்புப் பட்டையில் மாட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புப் பிடி இருக்கிறது. ஆபத்து என்றால் அதை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். தள்ளினால் கொக்கி கழன்றுவிடும். காத்தாடி ஒரே ஒரு நூலில் மட்டும் தொங்கி, இழுக்கிற பலம் போய்ச் சுருண்டு விழும். அவ்வளவுதான். அந்தத் தூத்துக்குடி ஆள் ஒரு மத்தியானத்தில் வேறு என்ன சொல்லிக்கொடுத்தாரோ, இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மச்சினன் எனக்கும் செய்து காட்டினான். அதைப் பார்த்த அன்றைக்கு மட்டும் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

அந்த நிம்மதிக்கு ஒரு வாரம்தான் ஆயுள். மூன்றாவது ஞாயிறு. பீச்சில் நல்ல கூட்டம். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். மச்சினன் கம்பீரமாகக் காத்தாடியை எழுப்பினான். அது மேலே போய் நின்றது. எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள். அவன் பலகையை எடுக்கக் குனிந்தபோது அவன் முழங்கையே சிவப்புப் பிடியில் பட்டுத் தள்ளிவிட்டது. கொக்கி கழன்றது. காத்தாடி சுருண்டு, சோளக்கதிர் வண்டி மேல் விழுந்து அடுப்பை அணைத்தது. கரையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"அண்ணே, லோடு அவுந்துருச்சு!"

கரை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் லாரித் தொழில்காரர்கள். லாரிக்காரனிடம் சொல்லக்கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். மேடு பள்ளம், காஷ்மீர் வரை ரோடு, மழை, எதற்கும் அவிழாமல் தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டுவதில்தான் அவர்கள் மானமே இருக்கிறது. நடுரோட்டில் லோடு அவிழ்ந்த ஆளை ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். மச்சினன் முகம் கறுத்துவிட்டது. சோளக்கதிர் அக்காவின் அடுப்பை மறுபடி பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். இத்தோடு விட்டுவிடுவான் என்று நினைத்து, நான் மேச்சேரிக் கோயிலுக்கு ஒரு மாவிளக்கு வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். அந்தச் சிவப்புப் பிடியின் மேல் பச்சை நைலான் கயிறு சுற்றியிருந்தது. லாரிக் கயிறு. சுற்றிச் சுற்றி, இழுத்து, லாரிக் கட்டு போட்டிருந்தான். நெய்த துணி மாதிரி நெருக்கமாக, அழகாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாப்ள, இதென்னடா?"

"இனி அவுராதுங் மாமா." இழுத்துக் காட்டினான். அசையவில்லை. "தட்டினாலும் அவுராது, ஒதச்சாலும் அவுராது."

"அது அவுரோணும்னுதானடா வெச்சிருக்கறான் அதச் செஞ்சவன்!"

"அவனுக்குக் கட்டு போடத் தெரியல மாமா."

ரிக் வண்டிக்காரர் மஞ்சள் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டே தலையாட்டினார். "நல்ல கட்டுங்க. நம்ம வண்டில போர் போடற ராடு தூக்கறதுக்கே இந்தக் கட்டு தாங்கும்" என்றார்.

கத்தினேன். கெஞ்சினேன். மகள் கல்யாணத்தைச் சொன்னேன். "அதுக்குத்தானுங் மாமா கட்டியிருக்கறேன், பத்திரமா" என்றான். காலில் விழலாமா என்று பார்த்தேன். மச்சினன் காலில் மாமன் விழுந்தால் ஊரில் என்ன நாயம் பேசுவார்கள் என்று யோசித்து விட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு கரைக்குப் போய், அக்காவிடம் ஒரு சோளக்கதிர் வாங்கிக் கடித்துக்கொண்டு, "போய்த் தொலையட்டும்" என்று ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, காது அங்கேயேதான் இருந்தது.

அன்றைக்குக் காற்று சரியில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு திடீரென்று யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வரும். அப்படி ஒன்று வந்தது. என் துண்டு பறந்து மரவள்ளிக் காட்டுக்குள் போனது. அக்காவின் குடை போனது. "ஐயோ சாமி!" என்று அக்கா கத்தியது குடைக்கு இல்லை என்பது திரும்பிப் பார்த்ததும்தான் தெரிந்தது.

மச்சினன் தண்ணீரின் மேல் இல்லை, தண்ணீருக்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உழுதுகொண்டு வந்தான். பலகை எங்கோ போய்விட்டது. காத்தாடி கரையின் பக்கம் இழுத்தது. அவன் கை இடுப்பில் அந்தப் பிடியைப் பிடித்து இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? அவன் போட்ட கட்டு ஆயிற்றே.

விசிலை ஊதினேன். வாய் நிறையச் சோளம். விசிலுக்குள் சோளம் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு ஓடினேன். எதற்கு ஓடினேன், எந்தப் பக்கம் ஓடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா பிறகு சொன்னார், முதலில் நான் வீட்டுப் பக்கம்தான் ஓடினேனாம். கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பினேனாம். நான் மறுக்கவில்லை. கால் அதன் புத்திப்படி ஓடியிருக்கிறது.

மச்சினன் கல் பதித்த கரையில் மோதி, சிராய்த்துக்கொண்டே மேலேறினான். இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் கரையைத் தாண்டித் தூக்கிப் போயிருக்கும். அப்புறம் மரவள்ளி, அப்புறம் கம்பி. நல்ல வேளையாக மதகுக் கல் வழியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். காத்தாடி மரவள்ளிக் காட்டுக்கு மேலே இப்படியும் அப்படியும் பாய்ந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அவன் கால் தரையை விட்டு எழும்பி இறங்கியது.

நான் போய் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். என் எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் இரண்டு வருடமாக என்னைத் திட்டிவருகிறார். அதில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காமல் வைத்திருந்தது அன்றைக்குப் பயன்பட்டது.

"மாமா, கயித்த அறுங்க! கயித்த!" என்று அலறினான். "கைய எடுத்தா நான் போயிருவேன். நீங்க அறுங்க!"

தறிக்காரன் சட்டைப்பையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். அதை எடுத்தேன். கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. தடவிப் பார்த்து, கயிறு மாதிரி ஒன்று அகப்பட்டதும் வெட்டினேன். சுலபமாக வெட்டுப்பட்டது.

"மாமா! அது டவுசர் நாடாங் மாமா!"

"ஆருடா உன்னைய ரெண்டு நாடா கட்டச் சொன்னது!"

"கண்ணத் தொறந்து பாருங்க! பச்சக் கயிறு! பச்ச!"

திறந்தேன். பச்சைக் கயிறு கண்ணுக்கு முன்னால் இருந்தது. நூல் வெட்டுகிற கத்தரிக்கு லாரிக் கயிறு என்றால் மலை. வாய் வைத்துக் கடிப்பதைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மேலே பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கம்பி பக்கத்தில் வந்திருப்பது போலவே இருந்தது. வாய் தானாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சாமி பெயர் என்று நினைத்தேன். மச்சினன் பிறகு சொன்னான், கல்யாண மண்டபத்துச் சமையல்காரரின் பெயரையாம். கடைசிச் சுற்று அறுந்தது. பிடியைத் தள்ளினேன். படக்கென்று ஒரு சத்தம். காத்தாடி அப்படியே சோர்ந்து, சுருண்டு, மரவள்ளிச் செடிகளின் மேல் படுத்தது. கம்பி அதற்கும் அப்பால், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் மதகில் உட்கார்ந்தோம். அவன் முழங்கை முழங்காலெல்லாம் தோல் இல்லை. ஒரு கையால் டவுசரைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரிக் வண்டிக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்து, "என்னாச்சுங்க?" என்றார். ஹெல்மெட் போட்டிருந்தது அவர் ஒருத்தர்தான்.

மச்சினன் அறுந்த கயிற்றை எடுத்துப் பார்த்தான். "புதுக் கயிறுங் மாமா" என்றான்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! அவனைத் தூக்கித் திரும்ப ஏரிக்குள் எறிந்துவிட வேண்டும் போலிருந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அழுகை வந்துவிட்டது. விசிலில் அடைத்த சோளத்தைக் குடைந்து எடுப்பது போலக் குனிந்துகொண்டேன். "அழுவாதீங் மாமா, அக்காகிட்டச் சொல்லாதீங்க" என்றான். இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

அவன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எடுத்த வீடியோக்களெல்லாம் நாங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. முதல் தடவையாக அவள் தம்பியைத் திட்டினாள். கல்யாணம் முடிகிற வரைக்கும் காத்தாடி எங்கள் தறிக் கூடத்தில், நூல் மூட்டைகளுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது. சாவி அவள் இடுப்பில்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர்த் தட்டோடு முன்னால் நடந்தான். முழங்கையில் பொறுக்கு உதிராமல் இருந்ததால் போட்டோக்காரர் அங்கவஸ்திரத்தை இழுத்து இழுத்து மறைத்தார். தட்டு கனம், கை வலித்திருக்கும். நான் பக்கத்திலேயே நடந்தேன். அவன் கொஞ்சம் தடுமாறினால்கூட என் கை தானாக அவன் இடுப்பைப் பிடிக்கப் போனது. "உடுங் மாமா, இங்க காத்து இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

மறுவீடு எல்லாம் முடிந்து, காற்று இன்னும் மிச்சமிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வந்து தன் அக்காவிடம் சாவி கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கத்தரி இருந்தது. "நானும் வாரேன்" என்றேன்.

பீச்சில் கூட்டம். நூலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தினான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான். காத்தாடியை எழுப்பினான். அது மேலே போய் நின்றது. செல்போன்கள் எழும்பின. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லாரும் பார்க்க, சரியாகக் கழல்கிறதா என்று சிவப்புப் பிடியை வேண்டுமென்றே தள்ளினான். காத்தாடி சுருண்டு விழுந்தது.

"அண்ணே, மறுக்கா லோடு அவுந்துருச்சு!"

கரை சிரித்தது. அவன் நூலைச் சரிசெய்து, கொக்கியை மாட்டி, மறுபடி எழுப்பி, மறுபடி அவிழ்த்தான். மறுபடி சிரிப்பு. காது மடல் சிவந்திருந்தது. அன்றைக்குத்தான் அவனை எனக்கு உள்ளபடியே பிடித்தது. "ஓட்டை லாரி!" என்று கத்திய ஒரு பையனைப் பார்த்து விசில் ஊதினேன். இந்தத் தடவை சத்தம் வந்தது.

"இனி போலாமுங்களா மாமா?"

"பாத்துப் போ சாமி" என்றேன்.

அவன் தண்ணீருக்குள் இறங்கப் போனவன் நின்றான். ரிக் வண்டிக்காரர் வந்துகொண்டிருந்தார். தனக்கென்று ஒரு காத்தாடி வாங்கியிருந்தார், புதிது. மஞ்சள் ஹெல்மெட், சந்தனம், குங்குமம். இடுப்பில் சிவப்புப் பிடி இருக்க வேண்டிய இடத்தில் தடியான கயிறு பந்தாகச் சுற்றியிருந்தது. ரிக் தொழிலில் ராடு கழன்று போர்க்குழிக்குள் விழுந்தால் என்ன கதி என்று அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

"நம்ம கட்டு அவுராதுங்க" என்றார் பெருமையாக. "லாரிக் கட்டு மாதிரி இல்ல, இது ரிக் கட்டு."

நான் ஏரியைப் பார்த்தேன், கரையைப் பார்த்தேன், மரவள்ளிக் காட்டுக்கு அப்பால் இருந்த கம்பியைப் பார்த்தேன். மச்சினன் தன் காத்தாடியைத் தரையில் படுக்க வைத்து, காற்றில் எழும்பாதிருக்க அதன் மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"மாமா, அந்தக் கத்தரியக் குடுங்க" என்றான்.